கொடுக்கில்லாத தேள்

எங்கள் சித்தப்பாவுக்கு ஒளிந்திருக்கத் தெரியாது. ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட வாலிபர்களைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையலறைப் பரணில் அவரை ஒளித்துவைத்திருந்தோம். மூச்சுக்காட்டாமல் இருக்கவேண்டிய மனிதர், அங்கே அகப்பட்ட பூச்சிகளோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்.

சண்டைக்கு முன்பு அவருக்கு மலேரியா இலாகாவில் வேலை. கொசுக்களை இனம் பிரிப்பது. இலாகா போய்விட்டது, பூதக்கண்ணாடி மட்டும் அவரோடு பரணேறியது. மரவள்ளிக்கிழங்குத் தட்டை நான் ஏணியில் ஏறிக் கொடுத்தால், அதில் உட்கார்ந்த ஈயை ஓட்ட விடமாட்டார். சிறகு இரண்டா நான்கா என்று பார்த்த பிறகுதான் அது ஈயா குளவி ஜாதியா என்று சொல்ல முடியுமாம். கிழங்கு ஆறிப்போகும். கொசுவை அடித்தாலும் குறை. மீசையைப் பார்த்தாயா, அடர்த்தியான மீசை என்றால் ஆண், அது கடிக்காதே என்பார்.

"கடிக்க வர்ற கொசுவுக்கு ஜாதகமா பாக்கமுடியும்?" என்று அம்மா பல்லைக் கடிப்பாள்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு அலறியபடி உள்ளே வந்தாள். அவள் கணவன்தான் ஜப்பான்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். அவனுக்குப் பயந்துதான் சித்தப்பா பரணில் இருந்தார். விறகுக் குவியலில் விளையாடிய பையனின் பாதத்தில் ஏதோ ஏறிவிட்டது. பாதம் சிவந்திருந்தது, கண்ணில் நீர் கொட்டியது. அடித்துக்கொன்ற அந்தக் கரும்பூச்சியைச் சிரட்டையில் கொண்டுவந்திருந்தாள். முன்னால் இரண்டு தடித்த இடுக்கிகள். தேளேதான் என்றாள் அம்மா. விஷம் ஏறுவதற்குள் கீறி ரத்தத்தை வெளியேற்றவேண்டும் என்று அந்த அக்கா பிளேடை அடுப்பில் காட்டினாள். அம்மா பையனின் காலை அழுத்திப் பிடித்தாள்.

"வாலப் பாருங்கக்கா" என்றது பரண். "நூல் மாதிரி இருக்கு, கொடுக்கே இல்ல. காடி நாத்தம் அடிக்குதா பாருங்க. அது தேள் இல்ல. கால வெட்டிடாதீங்க."

பையன்கூட அழுகையை நிறுத்திவிட்டான். அந்த அக்கா மேலே பார்த்தாள். பிறகு சிரட்டையை முகர்ந்தாள். எனக்கும் புளித்த காடி வாடை வந்தது. பையனின் முகத்தையும் காலையும் கழுவி, தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா ஏணியில் பாதி ஏறி நின்று ஏசினாள். "ஊரே தேள்னு சொன்னா தேளாவே இருந்துட்டுப் போகட்டுமே. ஒனக்கு வாய் சும்மா இருக்காதா?"

"புள்ள கால அறுத்திருப்பாங்க, அண்ணி."

அம்மா ஏணியிலிருந்து இறங்கிவிட்டாள். அப்பா அவரைக் கிள்ளானுக்கு அனுப்பிவிடலாம் என்றார். வழியெல்லாம் காவல் என்பதால் முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவரைப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கழித்தோம். யாரும் வரவில்லை.

பிறகு அந்த அக்காவே வந்தாள், சிரட்டையில் ஒரு கரப்பானோடு. என்ன பூச்சி என்று பார்த்துச் சொல்லச் சொல்லி, அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ பேசினாள். அம்மா அந்தக் கரப்பானைத் தங்க நகையைப்போல உற்றுப் பார்த்தாள். அவள் போனதும் சித்தப்பா இறங்கி, பின்வாசல் வழியாக ஆளுயர லாலாங் புல்லுக்குள் போய் மறைந்தார். புதுப் பூச்சி தேடப் போகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகும் எறும்பு, வண்டு, ஒருதரம் செத்த ஈ என்று அவள் கொண்டுவந்தபடி இருந்தாள். வீட்டில் ஒரு பைத்தியம் போதாதென்று அடுத்த வீட்டிலும் ஒன்றா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மறுபடியும் கரப்பானோடு வந்த நாளில் பொறுக்க முடியவில்லை. ஆறு கால், நீள மீசை, இது கரப்பான்தான், இதுகூடத் தெரியாதா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

அவள் என் தலையைத் தடவினாள். "தெரியலையேம்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் கணவன் இரண்டு சிப்பாய்களோடு வீடு வீடாக வந்தான். எங்கள் பரணில் டார்ச் அடித்துப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. சித்தப்பா பூச்சி தேடப் போன நேரமாகப் பார்த்து இவன் வந்தானே, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.