கால் நடாத கூடாரம்

அன்று மலாய் நாட்டில் கூலாய் ஸ்டேஷனில் இறங்கி நின்றவர்கள் நாங்கள் நான்கு பேர்: கல்யாண மாப்பிள்ளையான நான், என் தாய்மாமா, என் அக்காள் புருஷனான மச்சான், தெப்ராவில் சாமான்கடை வைத்திருந்த பாய். எங்களோடு ஒரு கித்தான் கூடாரமும் இறங்கியது.

"மேல தண்டவாளம் தண்ணிக்குள்ள கிடக்கு. வண்டி எப்பப் போகும்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் ஆள் சுருட்டைப் பற்றவைத்தார். 

கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் நாளை மறுநாள் காலை. தவறினால் மார்கழி. தை பிறக்கும்வரை பெண்ணின் அப்பா பொறுக்கமாட்டார். லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணி அவர். குளுவாங்கில் அவருடைய அக்காள் மகன் ஒருவன் தலைவாரிப் பொட்டு வைத்துத் தயாராக இருப்பதாகக் கேள்வி. அதோடு ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். ஓலைப் பந்தல் அடைமழைக்கு ஒழுகும், அவருடைய சனங்கள் நனையக்கூடாது; மாப்பிள்ளை வீட்டார் கித்தான் கூடாரத்தோடு வரவேண்டும்.

கூடாரம் பாயுடையது. நான்கு வெள்ளி வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். என்னை நம்பினார், மழையை நம்பவில்லை. அதனால் கூடவே வந்தார்.

"நடந்துருவோம். ரெண்டு நாள் பாதைதானே" என்றார் மாமா.

"வழியில புலி இருக்குமே மாமா?"

"இருந்தா என்ன? உன்னைத் தின்னா அதுக்குத்தான் பேதியாகும்" என்றார் மச்சான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புலியைப் பற்றிய பாடம் நான்காம் வகுப்பில் இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு வழியெல்லாம் இருந்தது.

கூடாரத்தைச் சுருட்டி ஒரு கம்பில் கட்டி, இரண்டிரண்டு பேராய்த் தோள் மாற்றிச் சுமந்தோம். மத்தியானத்துக்குள் காற்று கிளம்பியது. ரப்பர் மரங்கள் முறிந்து விழும் சத்தம் கேட்டது. மாமாவின் குடை ஒரே தூக்கில் மேல்நோக்கி விரிந்து, துணி பறந்து, கம்பியும் இரும்பு முனையுமாய் நின்றது. அதைக் கைத்தடியாக வைத்துக்கொண்டார். பிறகு மழை பிடித்தது. நான்கு பேரும் தொப்பலாக நனைந்து நடந்தோம். தோளில் ஒரு கூடாரம்.

மச்சானுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "அலமாக்! கூடாரத்தைச் சுமந்துக்கிட்டே நனையிற கூட்டம் நாமதான். நாலு கம்பை வெட்டி நட்டு உள்ள உக்காரலாம் வாங்க."

மாமா அப்படியே நின்றுவிட்டார். "கல்யாணக் கூடாரம்யா இது! கால் நட்டா கல்யாணம் தொடங்கிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் மாப்பிள்ளை ஆறு தாண்டக்கூடாது. வழியில எத்தனை ஆறு கிடக்கு தெரியுமா?"

நட்டால் அபசகுனம், நடாவிட்டால் காய்ச்சல். இரண்டுக்குமே நான் பயந்தேன். காய்ச்சலோடு தாலி கட்டினால் கை நடுங்கும், அதைப் பார்த்துப் பெண்வீட்டார் குடிகாரன் என்பார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

பாய்தான் வழி சொன்னார். "கால் நட வேணாம். ரெண்டா மடிச்சு ஆளுக்கொரு மூலையாத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டே நடப்போம். என் கித்தான் சேத்துல மட்டும் படக்கூடாது, சொல்லிட்டேன்."

அப்படியே நடந்தோம். மச்சான் நெட்டை, மாமா குட்டை. தண்ணீர் முழுவதும் மாமா பக்கம் வந்து பானை போலத் தொங்கியது. தாங்கமுடியாமல் போகும்போதெல்லாம் அவர் குடைக்கம்பியால் கீழிருந்து ஒரு குத்து குத்துவார்; தண்ணீர் மறுபக்கம் சரிந்து மச்சான் முதுகில் கொட்டும்; மச்சான் வாயில் வருவதை இங்கே எழுதமுடியாது. மலாய்க் கிராமமொன்றைத் தாண்டும்போது பிள்ளைகள், எட்டுக் கால் தெரிந்தும்கூட, "காஜா! காஜா!" என்று யானையைக் கண்டதுபோலப் பின்னால் ஓடிவந்தார்கள்.

இரண்டாவது குத்தில் கித்தானிலிருந்து ஒரு சொட்டு என் மூக்கில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். சின்ன வெளிச்சம் தெரிந்தது. பின்மூலையில் குனிந்து வந்த பாய்க்குத் தெரியவில்லை. சொன்னால் கூடாரத்தோடு திரும்பிப் போய்விடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். மாமா இன்னும் இரண்டு முறை குத்தினார்.

அன்றைக்கு ஒரு தோட்டத்துப் புகைக்கொட்டகையில், புகையில் காயும் ரப்பர் தகடுகளுக்கு நடுவில் படுத்தோம். மறுநாள் பொழுது சாய, ரப்பர் நாற்றத்தோடு கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் என்னைப் பார்க்கவில்லை. கித்தானைத் தட்டிப் பார்த்தார்.

"கனமாத்தான் இருக்கு. நட்டுருங்க."

காலையில் மேளம் கொட்டும்போதே மழையும் கொட்டியது. மடிப்பை விரித்துக் கட்டியதில், குத்து ஒன்றுக்கு இரண்டு ஓட்டை. கங்காணி தலையில் ஒன்று, ஐயர் மேல் ஒன்று, மணவறையில் மூன்று. கங்காணி அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்தார். நான் குளுவாங்குக்காரனை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

பக்கத்தில் மெதுவாக ஒரு குரல் கேட்டது: "இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. அங்க சொட்டுது."

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. தள்ளி உட்கார்ந்தேன். கங்காணியும் அதைக் கேட்டிருக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டு, தானும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். நல்ல நேரம் போவதற்குள் தாலி கட்டிவிட்டேன். கை நடுங்கத்தான் செய்தது.

சாப்பாடு முடிந்ததும் பாய் ஏணி போட்டு ஏறி எண்ணினார். "எட்டு ஓட்டை. தைக்க ஓட்டைக்கு இருபது காசு."

"நான் குத்துனது நாலுதான்" என்றார் மாமா. "மடிக்கச் சொன்னது யாரு?"

நாலுக்கு மட்டும் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாய் திரும்பி என்னைப் பார்த்தார். இன்றும் தெப்ராவில் அவர் கடை வழியாகப் போகநேர்ந்தால் நான் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன். பாக்கி எண்பது காசு.