கால் போன சாறு

கோதுமைத் தவிட்டிலிருந்து உடம்புக்கு நல்லது செய்யும் சத்துகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தவிட்டக்கா என்று பெயர். வைத்தவள் அடுத்த அறையில் அளவுக் கருவியோடு மல்லுக்கட்டும் அவளுடைய நாத்தனார். வீட்டுக்குப் போனாலும் தவிடு கூடவே வரும்; காதோரத்தில், செருப்புக்குள்.

முன்பு காரமான கரைப்பான் ஊற்றித்தான் பிரித்தார்கள். அந்த நெடியில் தலைவலி அவளோடு குடித்தனமே நடத்தியது. இப்போது வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் எரிசாராயமும்தான். சாராயத்தையும் வடித்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: பழைய அளவுக்குச் சத்து வராவிட்டால் மறுபடி கரைப்பான்தான். இன்று கடைசிச் சோதனை. அந்த நெடிக்குத் திரும்பவும் முடியாது, வேலையை விடவும் வழியில்லை.

வடித்த சாறு ஒரு பாட்டிலில். சக்கையை அலசிய தண்ணீர் இன்னொன்றில்; அது வழக்கம்போல் தொட்டியில் கொட்டுவதற்கு. முழுதாக எழுத அலுப்புப்பட்டு 'சா', 'ச' என்று கிறுக்கியிருந்தாள். கொட்டப் போனவள் அப்படியே நின்றாள். எரிசாராயம் வழிந்து, 'சா'வின் கால் கரைந்து போயிருந்தது. இரண்டிலும் 'ச'. இரண்டும் ஒரே டீ நிறம்.

"அம்மாடி, இங்க வா. எது சாறு, எது அலசின தண்ணின்னு தெரியல."

"சாறுக்குக் கால் போயிடுச்சா அண்ணி? முழுசா எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

"எனக்கே கால் போயிடுச்சு. சிரிக்காம ரெண்டையும் அளந்து பாரு."

கருவி முனகியது. தவிட்டக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுதான் சாறு. பழைய அளவுல முக்கால்வாசிதான் தேறுது."

"அப்போ அவ்வளவுதான்."

"இருங்க அண்ணி. அலசின தண்ணியிலயும் இருக்கு! இத்தனை நாளா சத்தைத்தான் கொட்டியிருக்கோம். ரெண்டையும் சேர்த்தா பழைய அளவைத் தாண்டிடும்."

மேலாளர் வந்து, கருவியை இரண்டு முறை பார்த்தார். "சரி, புது முறையே இருக்கட்டும். ஆனா இனிமே சக்கையை ரெண்டு தடவை அலசணும்."

"ரெண்டு தடவையா சார்?"

"நீங்க கண்டுபிடிச்சதுதானே!"

சந்தோஷப்படலாம் என்று நினைத்தாள்; கொட்டாவிதான் வந்தது. அலசுவதென்றால் நின்றுகொண்டுதான். ஆனாலும் மூச்சை இழுத்துவிட்டபோது காற்றில் ஈரத்தவிட்டு வாசனை மட்டும்தான் இருந்தது. தலை வலிக்கவில்லை.

புது ஒட்டுத்தாளில் 'சாறு' என்று முழுதாக எழுதினாள்.

"என்ன அண்ணி, காலை இவ்வளவு நீளமா இழுத்திருக்கீங்க?"

"அதுவாவது காலை நீட்டட்டும்."