அன்று சாவி திரும்பவில்லை

வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே வந்து காரில் ஏறினேன். சொருகியிருந்த சாவியைத் திருப்பினால் அசையவே இல்லை. ஸ்டியரிங்கும் பூட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "நல்லதாப் போச்சு, இன்னிக்கு வேணாம் லா," என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவரை ரத்தம் கழுவ, அதுதான் டயலிசிஸுக்கு, கூட்டிப்போக வேண்டும். ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து டவுன் வரைக்கும் பசார் சந்தைக் கூட்ட நெரிசல். போகும்போது புலம்பல், வரும்போது வாந்தி. கொஞ்ச மாதமாக ஒரே பாட்டுதான்: போதும், விட்டுவிடு, போகிற உயிர் போகட்டும். விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தே சொல்லியிருந்தார். சமாதானம் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. சரி, இவர் இஷ்டப்படியே ஆகட்டுமே என்று அன்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது.

வாடகைக் கார் கூப்பிடவா என்று கேட்டேன். ஊரான் காடியில் வாந்தி எடுத்து அசிங்கப்படமாட்டேன் என்று இறங்கிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். டயலிசிஸ் மையத்தில் மதியம் வரைதான் இடம் வைத்திருப்பார்களாம். வேறு வழியில்லாமல், பக்கத்துத் தெருவில் கார் பழுது பார்க்கும் போர்மேன் தம்பிக்குப் போன் போட்டேன்.

வந்ததும் பேட்டரி வயரைப் பிடுங்கினார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். சாவி முதல் கட்டம் வரையாவது திரும்பினால்தான் சாவி போகும் பூட்டு முழுசாக வெளியே வருமாம். இல்லையென்றால் துளை போட்டு உடைக்க வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும் என்றார். எண்ணெய் அடித்து, தட்டி, ஸ்டியரிங்கை ஆட்டி ஆட்டிச் சாவியைத் திருகினார். வெயில் ஏறிக்கொண்டே போனது. இவரோ படியில் உட்கார்ந்தபடி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், விட்டுவிடு என்று தம்பிக்கும் ஓதினார். வாயை மூடுங்கள் என்று கத்திவிட்டேன். ஃபிளாட்டில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

ஒருவழியாகச் சாவி கொஞ்சம் திரும்பியது. தம்பி மெல்லிய கம்பியைப் பக்கத்துத் துளையில் விட்டு அழுத்தி, பூட்டை உருவி எடுத்தார். உள்ளங்கையில் தட்டினால், வெள்ளையாக என்னவோ கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"என்னக்கா இது, உள்ள திருநீறா போட்டு வச்சிருக்கீங்க?"

ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்கில் சந்தனப் பொட்டு வைப்பேன், அவ்வளவுதான், இது நான் இல்லை என்றேன். படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இவர் தலை குனிந்துகொண்டார்.

"நீ வீட்டப் பூட்டிட்டு வர்றதுக்குள்ள, சாவில கொஞ்சம் தடவி நான்தான் சொருகி வைப்பேன். ஒவ்வொரு வாட்டியும். உயிரோட வீட்டுக்குத் திரும்பி வந்துடணும்னு."

போதும் போதும் என்று என் உயிரை வாங்கிய மனுஷன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சீக்கிரம் சுத்தம் பண்ணி மாட்டுங்கள் என்று தம்பியை அவசரப்படுத்தினேன். அவர் மாட்டி முடித்து நிமிர்வதற்குள், இவர் தானாக எழுந்து வந்து காரில் உட்கார்ந்துவிட்டார்.