மாறிப்போன முறைத் தண்ணீர்

நான் மூன்றாம் தடவை உயர்தரப் பரீட்சை எழுதுவதா, வாப்பாவின் புடவைக் கடையில் உட்காருவதா என்பதை ஒரு தண்ணீர்ச் சக்கரம் தீர்மானிக்க இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். வாய்க்கால் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் திட்டங்களுக்குப் பாடசாலைகளுக்கிடையே போட்டி வைத்தார்கள். "அதிலயாவது வெண்டு காட்டு, இன்னொருக்கா எழுதலாம். இல்லாட்டிக் கடைக்கு வா" என்று வாப்பா சொல்லிவிட்டார். இரண்டு தடவை கோட்டை விட்டவனுக்கு அதுவே பெரிய சலுகை.

எங்கள் அணியில் மூன்று பேர். கணக்கும் வரைபடமும் என்னுடையவை. காரைதீவிலிருந்து சைக்கிளில் வருகிறவன் எண்ணெய்த் தகரத்தை வெட்டி வளைத்துச் சக்கரத்துக்கு இதழ்கள் செய்தான். மூன்றாமவன் என் உயிர்க் கூட்டாளி. அவனுடைய பொறுப்பு தண்ணீர். அவன் வாப்பா மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களுக்கு வட்டை விதானை. எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைத்துத் திறப்பவர் அவர்தான். நடுவர்கள் வரும் வியாழக்கிழமை காலை எங்கள் வாய்க்காலுக்கு முறை. "எழுத்தில வாங்கி வைங்கடா" என்றார் பௌதிக ஆசிரியர். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. வட்டை விதானையிடம் யாராவது கடிதம் கேட்பார்களா? வாய்ச்சொல்லில்தான் அங்கே எல்லா வயலும் விளைந்தது.

முந்திய முறையில் சைக்கிள் டைனமோ சுழன்று பல்பு எரிந்தது. நான் வரம்பில் நின்று கூத்தாடினேன்.

வியாழக்கிழமை வாய்க்காலில் கால் நனையத் தண்ணீர் இல்லை. நடுவர்கள் சப்பாத்தோடு வரம்பில் நின்றார்கள். ஒருவர் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். தண்ணீருக்குப் பொறுப்பானவனையும் காணவில்லை. அடுத்த வாய்க்காலுக்கு ஓடினேன். அங்கே எங்களோடு போட்டியிட்ட இன்னொரு பாடசாலையின் சக்கரம் தண்ணீரை வாரி அடித்துச் சுழன்றுகொண்டிருந்தது. மதகுப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் என் கூட்டாளி. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தான்.

பின்னேரத்துக்குள் விஷயம் வெளியே வந்தது. அந்த அணித் தலைவனின் நானா, அவனுடைய மூத்த அண்ணன்தான், என் கூட்டாளியின் அக்காவுக்கு, அந்த ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. மாப்பிள்ளை வீட்டார் முறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண் வீட்டார் வீடே கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுப்பார்கள். ஒரு காலைத் தண்ணீரையா இல்லை என்பார்கள்? அது எனக்கும் விளங்கியது. ஆனால் முறை மாறியது மூன்று நாளைக்கு முன்பு. அந்த மூன்று நாளும் அவன் என் பக்கத்தில் குந்தியிருந்து அச்சுக்குக் கிரீஸ் பூசினான்.

நான் கடைக்குப் போனேன். ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளை உடுப்புக்குத் துணி எடுக்க அவனே வந்தான். வாப்பா தொழப் போயிருந்தார்.

"முந்தியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ எங்கட வாசல்ல வந்து சண்ட புடிச்சிருப்பாய் மச்சான். ராத்தாட கலியாணமும் நிண்டிருக்கும்."

உண்மைதான். அப்படித்தான் செய்திருப்பேன். என்னை அவ்வளவு அறிந்து வைத்திருந்தான். அந்த அறிவை வைத்தே என்னைக் கவிழ்த்தான். அவன் காட்டிய வெள்ளைத் துணியை அளந்து, வெட்டி, மடித்துக் கொடுத்தேன்.

"கோவமில்லத்தானே?" என்றான்.

இல்லை என்றேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது.