ஆயிரத்தில் நின்ற ஒன்பது

மாட்டுங்காவிலிருந்து ரயிலேறிக் கோட்டைக்கு ஆபீஸ் போகிற பெண், எங்கள் கட்டடத்தில் நான் ஒருத்திதான். சண்டைக் காலத்தில் ஆண்பிள்ளைகள் கிடைக்காமல், ஒரு கப்பல் கம்பெனி என்னைக் கூட்டல் மெஷின் முன்னால் உட்கார்த்தியது. எண்களை அமுக்கிக் கைப்பிடியை இழுத்தால் மேலே கண்ணாடிக்குள் கூட்டுத்தொகை வந்து நிற்கும். இந்த வேலை போனால் என்னைக் கட்டிக்கொள்ளப் பாலக்காட்டில் ஒரு ரெண்டாந்தாரக்காரர் தயாராக இருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டதென்று அப்பாவுக்கு ஒரே பூரிப்பு.

ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்ததும் மெஷின் தப்பாகக் கூட்ட ஆரம்பித்தது. சில கூட்டல்கள் சரி, சிலவற்றில் ஆயிரம் குறையும். எங்கள் ஹெட் கிளார்க் உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் எதையும் பார்க்காமல்தான் கண்டுபிடிப்பார். பார்த்தால் குழப்பம் வந்துவிடுமே!

“பொம்மனாட்டி கையிலே மெஷினைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். காலி பீலி, சும்மாவானும் மெஷினைக் குத்தம் சொல்லாதே” என்றார்.

என் நாற்காலிக்காக அவருடைய மச்சினர் பிள்ளை காத்திருந்தது ஆபீஸுக்கே தெரியும். அவர் செய்த பரிசோதனையெல்லாம், மெஷின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி வாயால் ஊதியதுதான். வெற்றிலைத் துணுக்கு பறந்தது.

நான் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு எல்லா இடத்திலும் ஒன்பதை நிறுத்தி, அதோடு ஒன்றைக் கூட்டினேன். நல்ல மெஷினானால் ஒன்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று பூஜ்யமாக வேண்டும். இதில் நூறு வரைக்கும் சுழன்றது. ஆயிரத்தில் இருந்த ஒன்பது அசையவில்லை. எத்தனை தரம் செய்தாலும் அதே இடம். கைப்பிசகு இப்படி ஒரே இடத்தில் குடியிருக்காது.

லிஃப்ட்காரரிடம் திருப்புளி வாங்கி மூடியைக் கழற்றினேன். நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே, சக்கரத்தின் பல்லில் ஒரு மஞ்சள் அரிசி சிக்கியிருந்தது. அட்சதை. பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் இட்டு, பிடிபிடியாக அட்சதை தூவியவர் சாட்சாத் ஹெட் கிளார்க்தான். பொத்தான் இடுக்கு வழியாக அது உள்ளே இறங்கியிருக்கிறது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அரிசியை நகத்தால் எடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், வாயில் போட்டு விழுங்கிவிட்டார்.

“அம்பாள் பிரசாதம்” என்றார்.

அதோடு நிற்கவில்லை. நேரே போய் வெள்ளைக்கார மேனேஜரை அழைத்துவந்து, அதே ஒன்பதுகளை வைத்துக் கைப்பிடியை இழுத்துக் காட்டினார். எல்லாம் அழகாகப் பூஜ்யமாயின. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, பெண்ணிடம்தான் கோளாறு என்று இங்கிலீஷில் விளக்கினார்.

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அருவருப்புத்தான் அதிகம். சுவரில் இருந்த சரஸ்வதி படத்தின் சட்டத்தில் இன்னும் அட்சதை ஒட்டிக்கொண்டிருந்தது. பாவம் வந்துவிடும் என்று அவர்தான் துடைக்க விடவில்லை. அதிலிருந்து ஒன்றை எடுத்து, மேனேஜரின் கண்ணெதிரே அதே பல்லில் வைத்து, ஒன்பதுகளோடு ஒன்றைக் கூட்டினேன். ஆயிரம் நின்றது. அரிசியை எடுத்தேன். ஓடியது. மேனேஜர் இன்னொரு தரம் செய்யச் சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேலையைப் பார் என்று சொல்லிப் போனார். பாலக்காட்டு ஜாதகம் திரும்பிப் போயிற்று. ஹெட் கிளார்க் தம் மேஜைக்குப் போய் வெற்றிலை மடித்தார். பிரசாதம் சாப்பிட்ட வாய்க்கு மன்னிப்புக் கேட்க வராது போலிருக்கிறது.

அடுத்த வருஷப் பூஜையில் அட்சதைத் தட்டை என்னிடமே நீட்டினார்.

“நீயே போடும்மா, உன் மெஷின்தானே.”

மறுபடி கெட்டால் பழி என்மேல் விழட்டும் என்கிற எண்ணம். தட்டை வாங்கி, ஒரு பிடி அள்ளி அவர் தலையில் போட்டேன். சின்னவள் பெரியவருக்கு அட்சதை போடுவதாவது என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு ஒரு கவலையும் இல்லை. அங்கே அரிசி போய்ச் சிக்கிக்கொள்ள உள்ளே சக்கரம் எதுவும் கிடையாது.