ஆறு லிட்டர் குறைவு

லியோனி கிளம்பிப் போனது 1994 மார்ச் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. புதிதாக வாங்கிய, கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து விடும் இன்ஜெக்‌ஷன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா, அந்தக் குடிகார வண்டியை வித்துத் தொலையேன். நூறு கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு லிட்டர் குடிக்குது. இது பதினாறுல போயிடும்."

"உன் வண்டியோட கம்ப்யூட்டர் நடுக்காட்டுல படுத்துக்கிட்டா என்ன பண்ணுவே? தாலாட்டு பாடுவியா? கார்புரேட்டர்னா ஒரு ஸ்க்ரூட்ரைவர் போதும்."

"அப்ப நீயும் அதுவுமே இருங்க."

ஆல்வின் ட்ரான்ட்டர் அப்படித்தான் இருந்தார். லேவர்டன் ஊருக்கு அறுநூற்று இருபது கிலோமீட்டர் கிழக்கே, பாலைநிலத்துச் சாலை முகாமில் தண்ணீர்ப் பம்புகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சாலை ஆட்கள் வருஷத்தில் நாலு மாதம் தங்குவார்கள். மீதி நாட்களில் பேச்சு என்றால், அக்கம்பக்கத்து முகாம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் காலை ரேடியோதான். அதில் ஒருவர் தும்மினால் முந்நூறு மைலுக்குக் கேட்கும்.

இரண்டு வருஷம் கழித்து லியோனியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. லேவர்டனில், பிப்ரவரி மாதம், வரும் சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு. கொண்டுவந்தவள் தபால் வண்டிக்காரி பாட்ஸி.

"யோவ் கிழவா, செவ்வாக்கிழமை திரும்பிப் போறேன். என்கூட வந்துடு."

"உன் இன்ஜெக்‌ஷன் வண்டியிலயா? அவ கல்யாணத்துல போய் அதுலேருந்து இறங்கவா? நான் வரலை."

ரேடியோவிலும் அதையே சொன்னார். பாட்ஸி போனதும் மனசு கேட்கவில்லை. பெட்ரோல் பீப்பாயை அளந்து பார்த்தார். நூற்று முப்பது லிட்டர் இருந்தது. மழையில் சாலை இளகிப்போய், லாரிகளுக்குத் தடை. டேங்கர் வரவில்லை, வழியிலிருந்த ஒரே பெட்ரோல் பங்கும் வற்றிக் கிடந்தது. அவர் வண்டிக்கு நூற்று முப்பத்தாறு வேண்டும். மகள் வண்டியாக இருந்தால் நூறே போதும், முப்பது மிஞ்சும்.

ஆறு லிட்டர்தானே என்று கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டை எடுத்துவிட்டுச் சிறிய துளையுள்ள ஒன்றை மாட்டினார். எந்த நாளில் எங்கே போய்ச் சேருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது அந்தப் பக்கத்து வழக்கம். வராவிட்டால் தேடி வருவார்கள். வரமாட்டேன் என்று ஊரறியச் சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை விடியலில் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டார்.

இருநூறு கிலோமீட்டர் வரை பெட்ரோல் முள் பெரிதாக இறங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டார். ஆனால் இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. உள்ளே கல் உருள்கிற மாதிரி சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில் வண்டி திணறி நின்றது. வால்வு கருகிவிட்டது. ஸ்க்ரூட்ரைவரால் ஆகிற காரியமில்லை.

வண்டியைவிட்டு நடக்கக் கூடாது என்பது தெரியும். அதன் நிழலிலேயே கிடந்தார். சனிக்கிழமை மூன்று மணிக்கு, கல்யாணத்துக்கென்று கொண்டுவந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாலு மணி வரை உட்கார்ந்திருந்தார். பிறகு கழற்றி மடித்து வைத்தார்.

ஞாயிறன்று, கல்யாணம் முடிந்து தபாலோடு திரும்பிய பாட்ஸி அந்த வழியே வந்தாள். இன்ஜினைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்.

"அட முட்டாப்பயலே! அந்தப் பொண்ணு வாசலையே பாத்துக்கிட்டு நின்னுதுய்யா."

"அவகிட்ட சொல்லாதே."

"ஏன்?"

"அவ சொன்னது சரின்னு ஆயிடும்."

பாட்ஸி சொல்லவில்லை. மகளிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வரவில்லை. ஆல்வின் வால்வை மாற்றி, பழைய ஜெட்டையே மாட்டினார். எழுத உட்கார்ந்தால் தேதி போட்ட பிறகு கை ஓடாது. காலை ரேடியோவில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார்.

2003 ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது.

"அப்பா, பாட்ஸி தபால் வேலையை விடறாளாம். சொல்லிட்டுப் போக வந்தவ, நாலாவது பீர்ல உளறிட்டா. நீ கெளம்பினியாமே. முன் வரிசையில உன் இடத்துல யாரையும் உட்கார விடலை நான். ஏழு வருஷமா அதை நெனச்சு நெனச்சே உன்மேல கோபப்பட்டேன். ஒரு வால்வு கருகினதைச் சொல்ல என்னப்பா வெக்கம்? பெரியவளுக்கு அஞ்சு வயசாச்சு. தாத்தா இருக்காரான்னு கேட்டப்ப இல்லைன்னு சொல்லி வச்சிருந்தேன். நேத்து மாத்திச் சொல்லிட்டேன்."