மெழுகுத் தொட்டிக்கு முன்னால் சொன்ன பொய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு மாலையில், கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் வத்தேகம பஸ்ஸைப் பிடிக்க ஓடி வழுக்கி விழுந்தேன். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டை வெட்டியபோது வெளியே வந்தது என் கை மாதிரியே இல்லை. வெளிறி, மெலிந்து, தோல் உரிந்து, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன பொருள் போல மடியில் கிடந்தது.

நான் ஆசிரியை. கரும்பலகையில் எழுதித்தான் என் நாள் நகரும். மணிக்கட்டு மடங்கவில்லை என்பதை எல்லோரிடமும் சொன்னேன். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துக் கிடப்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நரம்பு செத்துவிட்டது, இனி இந்தக் கை எழுதாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஒருநாள் ரொட்டி சுட்டு முடித்துப் பார்த்தால் சுட்டுவிரல் நுனியில் கொப்புளம். எப்போது சுட்டது என்றே தெரியாது. பிளாஸ்டர் ஒட்டி அதையும் மறைத்தேன்.

மணிக்கட்டுக்காக பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அந்த அறையில் ஒரு பக்கம் ஒத்தடப் பைகள் வெந்நீரில் ஊறின, ஒரு பக்கம் மின்சாரப் பெட்டி சிணுங்கியது, மூலையில் உருகிய மெழுகுத் தொட்டி. விறைத்த கையை அதில் ஐந்தாறு தரம் முக்கி எடுத்தால் மெழுகு கையுறை போலப் படியும், சூடு உள்ளே இறங்கி மூட்டு இளகும், பிறகு பயிற்சி சுலபம் என்றார்கள். எனக்கு அந்தத் தொட்டி மேல் ஒரே ஆசை.

ஆனால் முக்குவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் சுடுநீர், மற்றதில் குளிர்நீர். கண்ணை மூட வேண்டும், விரலில் பட்டது எது என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்த இருவருக்கும் சூடு, குளிர், சூடு, குளிர் என்று மாற்றி மாற்றி வைத்ததைக் கவனித்து வைத்திருந்தேன்.

சிகிச்சை தந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். முப்பது வயதிருக்கும்.

"கண்ணை மூடுங்கோ டீச்சர். இது சூடோ, குளிரோ?"

"சூடு."

"இது?"

"குளிர்."

"இது?"

"சூடு." குரலில் எவ்வளவு உறுதி!

"இப்ப?"

"குளிருங்க மிஸ்."

"கண்ணைத் திறவுங்கோ" என்றார். இரண்டு குழாய்களும் மேசையில் நின்றன. அவர் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். "கடைசி ரெண்டு தரமும் நான் தொடவேயில்லை."

தோளில் ஒத்தடப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணிக்கடைக்கார முஸ்லிம் நானா விட்டாரா? "டீச்சர்மாரே பாத்து எழுதினா புள்ளகள் என்ன செய்றது?"

அறையே சிரித்தது. நானும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டேன். சிகிச்சை தந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை மெல்ல உரித்தார்.

"இது எப்ப சுட்டது?"

"தெரியலைங்க மிஸ்."

"இதைத்தானே முதல்லயே சொல்லியிருக்கோணும்? தொட்டியில விட்ட பிறகு தோல் வெந்தாலும், நல்லாயிருக்கு மிஸ் எண்டுதான் சொல்லியிருப்பீங்கள்."

உண்மைதான், அப்படித்தான் சொல்லியிருப்பேன். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மருந்துக்காரர் கேட்கும் முன்னரே "இப்ப சொகங்க ஐயா" என்று சொல்லிவிட்டு கொழுந்து பறிக்க மலைக்கு ஓடிய அம்மாவின் மகள் நான். நோவைச் சொன்னால் அன்றைய வேலை போய்விடும் என்று வளர்ந்த வாய், வேலை மாறிய பிறகும் மாறவில்லை.

அன்று மெழுகு இல்லை. அவரே என்னை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். மருத்துவர் குத்தினார், தட்டினார், மடக்கினார். உட்கார்ந்திருந்த கதிரையின் விளிம்பை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தேன். நரம்பு அறுந்து போகவில்லை, வீக்கத்தில் நசுங்கியிருக்கிறது, நல்ல வேளையாகச் சீக்கிரம் தெரிந்தது, மெதுவாகத் திரும்பும் என்றார். வெளியே வந்து நடைபாதை வாங்கில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். அத்தனை வாரங்களில் முழுதாக விட்ட முதல் மூச்சு. பிறகு பயங்கரப் பசி. இடது கையால் நாலு உளுந்து வடை சாப்பிட்டேன்.

அதன்பின் மாதக்கணக்கில் சூடில்லாத பயிற்சிகள். அரிசிக்குள் விரலை அளைவது, பஞ்சாலும் முரட்டுத் துணியாலும் தடவுவது. எந்த விரலில் தெரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் மிஸ் கேட்பார். "பெருவிரல் தெரியுது, நடுவிரல் தெரியலைங்க" என்று உள்ளபடி சொல்லப் பழகினேன். சித்திரை பிறந்த பிறகு ஒரு காலையில்தான் தொட்டிக்கு அனுமதி கிடைத்தது. கையை விட்டேன்.

"ஐயோ, சுடுது மிஸ்! மூணு விரலும் சுடுது!"

"சுடுது எண்டு இவ்வளவு சந்தோசமாக் கத்தின ஆளை இப்பத்தான் பாக்கிறன்" என்றார் அவர், முதல் முறையாகச் சிரித்து.

இப்போது வகுப்பில் "தெரியாது டீச்சர்" என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால் நான் கோபப்படுவதில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று என் விரல்களுக்குத் தெரியும்.